சாலை விபத்து: விதியா? காரணம் உண்டா?

ஊரில் ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிட்டால் நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? "அவர் நேரம் முடிந்துவிட்டது" என்கிறோம். "தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும்?" என்கிறோம். சில பேர், "டிரைவர் மேல்தான் தப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

முன்பு காலராவில் குழந்தை இறந்தாலும் இப்படித்தான் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. தண்ணீர் எப்படிக் கெட்டது என்று கேட்கிறோம். காரணம் தெரிந்ததால் தடுக்க முடிந்தது. சாலை விபத்தையும் இப்படிக் கேட்டுப் பார்ப்போமா?

மொகிலியில் நடந்தது

2024 செப்டம்பர் 13. திருப்பதியில் இருந்து ஓர் அரசுப் பேருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது. சித்தூர் மாவட்டம் பங்காருபாளையம் அருகே மொகிலி மலைப்பாதை இருக்கிறது. அங்கே எதிர்ப்பக்கம் வந்த ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்தது. சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டி வந்து பேருந்தின் மேல் மோதியது. 8 பேர் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

அந்த இடத்தில் அதற்கு முன்பும் விபத்துகள் நடந்திருக்கின்றன. விதி என்றால் அது ஒரே இடத்தைத் தேடித் தேடி ஏன் வரவேண்டும்? அந்த இடத்தில் ஏதோ காரணம் இருக்கிறது.

மொகிலிக்கு மேலே பலமனேர் மேட்டு நிலம். அங்கிருந்து சித்தூர் பக்கம் வரும் வண்டிகள் கீழே இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் தானாகவே வேகம் எடுக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகும். கருகிய வாசனை வரும். சூடு அதிகமானால் பிரேக் பிடிக்காது.

டீசல் மிச்சமாகும் என்று சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். "எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

2022 மார்ச் 26 இரவு பாகராப்பேட்டை மலைப்பாதையிலும் பெரிய விபத்து நடந்தது. தர்மாவரத்தில் இருந்து ஒரு குடும்பத்தார் தனியார் பேருந்தில் திருச்சானூருக்கு வந்தார்கள். மறுநாள் நிச்சயதார்த்தம். பேருந்து பள்ளத்தில் விழுந்தது. இருட்டில் கயிறு கட்டி இறங்கித்தான் ஆட்களை மேலே தூக்க முடிந்தது. குறைந்தது 8 பேர் இறந்தார்கள். மலை வளைவு, இரவு நேரம், தூரப் பயணம் மூன்றும் சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

திருமலைப் பாதை சொல்லும் பாடம்

திருமலைக்கும் மலைப்பாதைதான். அங்கே வளைவுகள் ஏராளம். தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் போகின்றன. 1944இல் முதல் பாதை திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது பாதை வந்தது. இப்போது ஏறுவதற்கு ஒரு பாதை. இறங்குவதற்கு ஒரு பாதை. அதனால் வண்டிகள் எதிரும் புதிருமாக மோதிக்கொள்ளும் பயம் குறைந்தது.

தேவஸ்தானம் இன்னொரு வேலையும் செய்தது. மேலே புறப்படும்போது சோதனைச் சாவடியில் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். கீழே குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் வேகமாக வந்ததாக அர்த்தம். அந்த வண்டிக்குத் தண்டனை உண்டு. அவசரப்பட்டு வந்தால் லாபம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

அங்கும் விபத்தே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாதையை மாற்றினால், விதிமுறையை மாற்றினால், ஆபத்து குறையும் என்பது தெரிகிறது அல்லவா?

எத்தனை உயிர்கள்?

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். இவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இறந்தது கிராமப்புறச் சாலைகளில்.

நம் நாட்டுச் சாலைகள் எல்லாவற்றையும் 100 பங்காக்கினால், தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 பங்குதான். ஆனால் இறந்தவர்களில் 100க்கு 36 பேர் அந்த 2 பங்குச் சாலையில்தான் இறந்தார்கள்.

உலகம் முழுவதும் 2021இல் சாலை விபத்தில் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தார்கள். 100க்கு 92 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். உலகில் உள்ள வண்டிகளில் 100க்கு 60 வண்டிதான் இந்த நாடுகளில் இருக்கிறது. வண்டி குறைவு, சாவு அதிகம். ஏன்?

பெரிய சாலையும் நம்ம ஊரும்

பணக்கார நாடுகளில் வேகச் சாலையில் நடந்து போகிறவர் ஏற முடியாது. மாடும் ஏறாது. அந்தச் சாலை வேறு, ஊர்ச் சாலை வேறு. நம் ஊர்களில் எல்லாம் ஒரே சாலைதான். கண்டெய்னர் லாரியும் அதில்தான் போகிறது. டிராக்டரும், ஷேர் ஆட்டோவும், பால் கேன் கட்டிய சைக்கிளும், பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள்.

ஊர் ஒரு பக்கம் இருக்கிறது. நிலம் மறுபக்கம் இருக்கிறது. நடுவில் சாலை அகலமாகிவிட்டது. முன்பு பத்து எட்டில் கடந்தோம். இப்போது நாலு வழியைக் கடக்க வேண்டும். வண்டி திரும்பும் இடம் தூரத்தில் இருக்கிறது. அதனால் பைக்காரர்கள் எதிர்த்திசையிலேயே வருகிறார்கள்.

ஜூன், ஜூலை மாதம் தோத்தாபுரி மாங்காய்க் காலம். மாங்காய்க் கூழ் எடுக்கும் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். இரவில் பின்னால் சிவப்பு விளக்கு எரியாவிட்டால் அந்த டிரெய்லர் யார் கண்ணுக்கும் தெரியாது.

அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் சாலையில் பரப்புகிறோம். வண்டி ஏறினால் தானியம் உதிரும், வேலை மிச்சம். ஆனால் அதன் மேல் பைக் வழுக்கும். குவியலைச் சுற்றி வைத்த கல்லில் இரவில் வண்டி மோதும். களம் இல்லாததால்தான் சாலைக்கு வருகிறோம். அப்படியானால் ஊருக்குக் களம் கேட்பதும் விபத்தைத் தடுக்கும் வேலைதான்.

ஏர்ப்பேட்டில் நடந்தது

2017 ஏப்ரல் 21. முனகலபாளையம் கிராமத்து மக்கள் ஏர்ப்பேடு போலீஸ் நிலையத்துக்கு வந்தார்கள். சொர்ணமுகி ஆற்றில் மணல் அள்ளுவதைத் தடுக்க வேண்டும் என்று கேட்க வந்தார்கள். நிலையம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. கூட்டம் அங்கேயே கூடியிருந்தது. அப்போது ஒரு லாரி தடம் மாறி வந்தது. மின்கம்பத்தில் மோதியது. கூட்டத்துக்குள் புகுந்தது. சக்கரத்தில் சிக்கியவர்கள் ஒரு பக்கம். மின்சாரம் தாக்கியவர்கள் ஒரு பக்கம். 15 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆற்றைக் காப்பாற்ற வந்தவர்கள் வீடு திரும்பவில்லை.

இதில் லாரியின் தவறு மட்டும்தானா? வேகச் சாலையை ஒட்டி மக்கள் கூடும் இடம் இருந்தது. நடுவில் வலுவான தடுப்பு இல்லை. ஒருவர் தவறு செய்தால் பல பேர் சாகும்படி அந்த இடம் அமைந்திருந்தது.

சுவீடன் நாட்டில் 1997இல் பாராளுமன்றம் ஒரு முடிவு எடுத்தது. மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. அங்கே சாவுகள் பெரிதும் குறைந்தன.

வேகம் என்ன செய்யும்?

2022இல் இறந்தவர்களில் 100க்கு 71 பேர் அதிக வேகத்தால் இறந்தார்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. வேகம் ஏன் கொல்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாடு குறுக்கே வருகிறது. டிரைவர் அதைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியிலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்த பிறகும் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும்.

40 கிலோமீட்டர் வேகம் என்றால்: 11 மீட்டர், பிறகு 9 மீட்டர். மொத்தம் 20 மீட்டர்.

80 கிலோமீட்டர் வேகம் என்றால்: 22 மீட்டர், பிறகு 36 மீட்டர். மொத்தம் 58 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ நான்கு மடங்கு கூடிவிட்டது. இது காய்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள காருக்குச் சொன்ன கணக்கு. மழை பெய்தால் இன்னும் கூடும். பாரம் ஏற்றிய லாரிக்கும் கூடும்.

உங்கள் ஊர்த் தெருவில் காலால் அளந்து பாருங்கள். 20 மீட்டர் ஏறத்தாழ 30 எட்டு. 58 மீட்டர் 80 எட்டுக்கு மேல். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். "லாரிக்காரர் நம்மைப் பார்த்துவிட்டார், நிறுத்திவிடுவார்" என்று நம்பி ஓடக் கூடாது என்பது அவர்களுக்குப் புரியும்.

நாம் செய்யக் கூடியவை

தலைக்கவசம்: 2022இல் தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பக்கத்து ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். பின்னால் உட்காரும் மனைவிக்கும் தலை ஒன்றுதான்.

நடந்து போகும்போது: நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடக்க வேண்டும். அப்போது எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியும். திருமலைக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் சந்திரகிரி அருகே நரசிங்கபுரத்தில் நடந்து போன பக்தர்கள் மேல் ஓர் ஆம்புலன்ஸ் மோதியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். இரவிலும் விடியற்காலையிலும் வெள்ளைத் துணி உடுத்துங்கள். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். டார்ச் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர், மாட்டு வண்டி: பின்னால் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இதன் விலை கொஞ்சம்தான்.

கூலி வேலைக்குப் போகும்போது: ஆட்டோவில் அளவுக்கு மேல் ஏறாதீர்கள். லாரிச் சரக்கின் மேல் உட்காராதீர்கள். மேஸ்திரி வண்டி அனுப்பும்போதே, "இத்தனை பேர்தான் ஏறுவோம்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒருவர் தனியாகச் சொன்னால் அவருக்கு வேலை போகும். எல்லோரும் சொன்னால் இன்னொரு வண்டி வரும்.

குடியும் தூக்கமும்: குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள். வீட்டுக் காரியத்துக்கு வண்டி பேசும்போது, டிரைவர் தூங்கினாரா என்று கேளுங்கள். இரவெல்லாம் ஓட்டியவரை மறுபடியும் ஓட்டச் சொல்லாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால்

108க்குப் போன் செய்யுங்கள். நம் மாநிலத்தில் இந்தச் சேவை 2005இல் தொடங்கியது. பணம் கட்ட வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 1033 எண்ணுக்கும் போன் செய்யலாம்.

"உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே" என்று பயப்பட வேண்டாம். உதவி செய்கிறவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. விதி என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். போலீஸ் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டு மன்றத்தில் மனுப் போட சட்டம் 6 மாதம் தவணை சொல்கிறது. தாமதிக்க வேண்டாம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல், அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய் என்று அரசு வைத்திருக்கிறது. பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும்.

ஊர் கூடிக் கேட்போம்

ஒவ்வொரு மாவட்டத்திலும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. கலெக்டர்தான் அதன் தலைவர். கிராம சபையில் பேசி முடிவு செய்து அவருக்கு மனு எழுதலாம். நமக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே! இப்படி எழுதலாம்:

மாவட்ட கலெக்டர் அவர்களுக்கு, ........................ கிராம மக்கள் எழுதும் மனு. எங்கள் ஊர் ........................ நெடுஞ்சாலையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது ........ ஆண்டில் ........ விபத்துகள் நடந்தன. ........ பேர் இறந்தார்கள். இங்கே வேகத் தடையும், விளக்கும், பாதுகாப்பாகக் கடக்க வழியும் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாளும் இடமும் எண்ணிக்கையும் சரியாக எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து பேசுவோம்

1. நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி விபத்து நடக்கும் இடம் எது? அங்கே என்ன காரணம்?

2. அந்தக் காரணங்களில் எதை நாமே மாற்றலாம்? எதை அரசிடம் கேட்க வேண்டும்?

3. இறக்கத்தில் நியூட்ரலில் போகக் கூடாது. ஏன்?

4. நம் ஊரில் விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம் எது? அவர்கள் இழப்பீடு கேட்டார்களா? அவர்களுக்கு யார் உதவலாம்?