தாழ்வார மணலில் ஒரு குழிநரி

கிடுகுக் கொட்டிலின் தாழ்வாரத்திலே, மழைத்துளி படாத பொடிமணலில், புனல் போன்ற சிறு குழிகளைக் கண்டிருப்பீர்கள். எங்கு இடம்பெயர்ந்து கொட்டில் போட்டாலும் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிக்கும் அயலவர் இவரே. பெயர் குழிநரி.

குழிநரி என்பது ஒரு பூச்சியின் புழுப்பருவம். சுமார் 1 சென்ரிமீற்றர் நீளம், மண்ணிறம், பருத்த வயிறு, தலையில் அரிவாள் போன்ற இரு தாடைகள். இது பின்பக்கமாகவே நகரும். வட்டம் வட்டமாகப் பின்னோக்கிச் சென்று, தலையால் மணலை எற்றி எறிந்து குழியை அமைக்கும். பின்னர் அடியிலே புதைந்து, தாடைகளை விரித்துக் காத்திருக்கும். எறும்பு தவறி விழுந்து மேலே ஏற முயன்றால், மணலை வீசிச் சரிக்கும். பிடித்ததும் நஞ்சைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சி, வெறுங்கோதை வெளியே எறிந்துவிடும். இரை கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் வல்லது.

வளர்ந்தபின் பட்டு நூலும் மணலும் சேர்த்து உருண்டைக் கூடு கட்டும். அதிலிருந்து தும்பி போன்ற சிறகுப் பூச்சி வெளிவரும். தும்பிக்கு உணர்கொம்பு மயிர்போல் குறுகியது. இதற்கோ நீண்டு, நுனி தடித்திருக்கும். இரவில் விளக்கடிக்கு வருவது இதுவே. பயிருக்கோ மனிதருக்கோ இதனால் தீங்கில்லை. நஞ்சடித்துக் கொல்ல வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழிநரி விரும்புவது ஆள் நடமாட்டம் குறைந்த, மிதிபடாத மண். கைவிடப்பட்ட வீட்டின் விறாந்தையும் இடிந்த சுவரடியும் அதற்கு ஏற்ற இடங்கள். வடக்கு, கிழக்கில் மிதிவெடி மறைந்திருக்கக்கூடிய இடங்களும் அவையே. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அதன் பின்னரும் அகற்றும் பணி தொடர்ந்தது. ஆகவே சொந்தக் காணிக்குத் திரும்பும்போது, குழிநரி தேடிப் பிள்ளைகள் பாழ்வீடுகளுக்குள் போகாதபடி பாருங்கள். குழி இருப்பது அந்த மண் பாதுகாப்பானது என்பதற்கு அடையாளமல்ல. துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டும் விளையாட விடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி, பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள்.

உங்கள் கொட்டில் வாசலிலோ பயமில்லை. ஓர் ஈர்க்கை எடுத்துக் குழியோரத்தை மெல்லத் தட்டுங்கள், மணல் துள்ளும். பிள்ளைகளோடு நீங்களும் குனிந்து பாருங்கள். இறைவனின் படைப்பில் சிறியதென்று ஒன்றுமில்லை.