உங்களுக்குத் தெரியுமா? ஒரே பட்டையில் இரு பாஷை

ஹாம் ரேடியோக்காரர்களின் 20 மீட்டர் பட்டையில் 14.074 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் காதில் விழுவது பேச்சல்ல. பல சுருதிப்பெட்டிகளை ஒன்றாக இழுத்துவிட்ட மாதிரி ஓர் இரைச்சல். அதுதான் எஃப்டி8. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் 2017-இல் வெளியிட்ட டிஜிட்டல் முறை. ஒரு சிக்னலுக்கு 50 ஹெர்ட்ஸ் அகலம் போதும். அதனால் 3 கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குள் டஜன்கணக்கான நிலையங்கள் ஒண்டிக்கொள்கின்றன.

இதே பட்டையில் மோர்ஸ் குறியீட்டில் பேசுகிற மோர்ஸ்காரர்களின் குடியிருப்பு அதன் அடிப்பகுதி, 14.000 மெகாஹெர்ட்ஸ் முதல். அமெரிக்கச் சட்டம் 14.150 வரை இரு தரப்பையும் பிரிக்கவில்லை. பிரித்து வைத்திருப்பது ஹாம்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு மட்டுமே.

ஒரு தரப்பு மற்றதன் இடத்தில் நுழையும்போது உரசல் வருவது பழக்கத்தால். மோர்ஸ்காரர் அழைப்பைத் தொடங்குமுன் ‘கியூஆர்எல்?’ என்று மோர்ஸிலேயே கேட்பார்: யாராவது இருக்கிறீர்களா? ஆள் இருந்தால் பதில் வரும், இவர் நகர்ந்துவிடுவார். எஃப்டி8 மென்பொருளுக்கோ மோர்ஸ் புரியாது. கடிகாரம் பார்த்து 15 விநாடிக்கு ஒரு தடவை மாறும்: ஒரு தடவை அனுப்பும், அடுத்த தடவை கேட்கும். அது அனுப்புகிற நேரத்தில் மோர்ஸ்காரர் கேட்ட கேள்வி காற்றோடு போச்சு. கேட்கிற நேரத்திலும், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்தால் அதே கதிதான். இதில் திமிர் எதுவும் இல்லை. கதவைத் தட்டியது கேட்கவில்லை, அவ்வளவுதான்.