உங்களுக்குத் தெரியுமா? கடை போர்டுக்கு வெயிலா, ஒயரா?

சாயங்காலம் ஆறரை மணிக்கு பெங்களூர்-ஓசூர் ரோட்டின் சந்தாபுரா சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மனிதர்கள் அல்ல, போர்டுகள். பேக்கரி, பி.ஜி., பிரியாணி, மொபைல் ரிப்பேர், பல் டாக்டர். பாதி எரியும், கால்வாசி மினுங்கும், மீதி இருட்டில் கிடக்கும். 'புது போர்டு போடுகிறேன், சோலார் போடவா, கரண்ட் இழுக்கவா?' என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

★ சந்தாபுராவுக்கும் சூரியனுக்கும் பழைய உறவு. கர்நாடக வீட்டுவசதி வாரியம் இங்கே போட்ட லே-அவுட்டின் பெயரே சூர்யநகர். ஓசூர் ரோட்டில் பெங்களூர் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் எலெக்ட்ரானிக் சிட்டி. 1989-ல் டாடா பி.பி. சோலாராகத் தொடங்கிப் பிறகு டாடா பவர் சோலார் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் பேனல் தொழிற்சாலை அங்கேதான். பேனல் செய்யும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் நம் கடைக்கும் சோலார்தான் சரி என்று ஆகிவிடாது.

★ ஒயர் கரண்ட்டின் கதையும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1902-ல் சிவனசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தார்கள், ஏறக்குறைய 147 கிலோமீட்டர். அந்தக் கரண்ட்டில் ஓடிய சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான், 1905 ஆகஸ்ட் 5-ல். நகரத்துக்கு முன்பே சுரங்கத்துக்கு வெளிச்சம்.

★ இனி கணக்கு. ஆறடிக்கு இரண்டடி ஏ.சி.பி. (அலுமினியத் தகடு) போர்டு, மேலே அக்ரிலிக் எழுத்து, உள்ளே ஒரு வாட் எல்.இ.டி. மாட்யூல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 வாட். ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 0.3 யூனிட். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி விழுங்குவதையும் சேர்த்து மாதம் 10 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் 80 ரூபாய்தான். நான்கைந்து டீக் காசு!

'சோலார் போட்டால் கரண்ட் பில் மிச்சம்' என்கிற பேச்சு போர்டு விஷயத்தில் இங்கேயே நின்றுவிடுகிறது. ஐந்து வருடம் எரித்தாலும் மிச்சம் 4,800 ரூபாய். இதே போர்டை சோலாரில் ஓட்டத் தேவைப்படும் லித்தியம் பேட்டரி ஒன்றுகூட அந்தப் பணத்துக்கு வராது.

★ எவ்வளவு பெரிய பேட்டரி? ஒரு ராத்திரிக்கு 300 வாட்-ஹவர். ஜூலை, ஆகஸ்ட்டில் மூட்டம் போட்டால் இரண்டு மூன்று நாள் வெயில் முகம் காட்டாது. மூன்று ராத்திரி தாங்கவேண்டும், பேட்டரியையும் 80 சதவீதத்துக்கு மேல் வற்றவிடக் கூடாது என்றால் 12.8 வோல்ட்டில் சுமார் 90 ஆம்பியர்-ஹவர் தேவை. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் இன்னும் பெரிதாக வாங்கவேண்டும். பேனல் 150 வாட் வேண்டும், அதற்கு 8 முதல் 10 சதுர அடி இடம். போர்டே 12 சதுர அடிதான்! போர்டின் தலையில் இன்னொரு போர்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

★ '200 வாட் சோலார் ஃபோகஸ் லைட்' என்று ஒரு சரக்கு விற்கிறது. பேனல் ஒரு நோட்டுப் புத்தக அளவு. ஏ-4 தாளின் அளவுள்ள பேனல், தற்போதைய நல்ல செல்லாக இருந்தாலும் உச்சி வெயிலில் சுமார் 12 வாட்தான் தரும். நாள் முழுக்கச் சேர்த்தால், நஷ்டம் போக 40 வாட்-ஹவர் தேறும். ஐந்து மணி நேரம் எரியவேண்டும் என்றால் கைக்கு வருவது 8 வாட். வீட்டில் மாட்டும் 9 வாட் பல்பைவிடக் குறைவு. பெட்டியில் அச்சடித்த 200 எங்கிருந்து வந்தது என்று பேனலுக்கும் தெரியாது.

ஆனேக்கல் ரோட்டில் மெஸ் நடத்தும் தர்மபுரிக்காரர் ஒருவர் இதை வாங்கி மாட்டினார். முதல் வாரம் ஜோராக எரிந்தது. ஆடி மாத மூட்டம் வந்ததும் எட்டரைக்கே கண்ணை மூடிவிட்டது. "அண்ணா, சாப்பாட்டு நேரத்துல தூங்கிப்போகுது" என்றார். இப்போது அந்த லைட் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் இருக்கிறது. அங்கே அது போதும்.

★ ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 இரண்டு நாளும் பெங்களூரில் நண்பகலில் உங்கள் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், செங்குத்தாகத் தொங்கும் போர்டின் முகத்தில் அப்போது வெயிலே விழாது. அழகுக்காகப் பேனலைப் போர்டோடு ஒட்டி நிமிர்த்தி வைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. இந்த ஊருக்குப் பேனல் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்ந்திருக்கவேண்டும். கிட்டத்தட்ட படுத்தே கிடக்கவேண்டும் என்று சொல்லலாம்.

★ 12 வோல்ட் பேனலில் பெரும்பாலும் 36 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு செல்லின் மேல் கேபிள் டி.வி. ஒயரின் நிழலோ புறாவின் எச்சமோ விழுந்தால், அந்த ஒன்று மட்டும் அல்ல, வரிசையே சோர்ந்துவிடும். குழாயில் ஓரிடத்தில் கல் அடைத்துக்கொண்ட கதை. லாரி ஓயாத ஓசூர் ரோட்டோரத்தில் புழுதிக்கும் பஞ்சமில்லை. மாதம் ஒருமுறை ஏணி போட்டுத் துடைக்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

★ போர்டின் முதல் எழுத்து பளிச்சென்றும் கடைசி எழுத்து அழுதுவடிந்தும் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்யூல் மட்டம் என்று திட்டுவோம். பெரும்பாலும் குற்றவாளி ஒயர். 60 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோனால் 5 ஆம்பியர் ஓடும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் 1.8 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். இதே 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான், நஷ்டம் தெரியவே தெரியாது. அதனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை கல்லாப்பெட்டிக்கு அடியில் வைக்காமல் போர்டுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். சோலார் என்றாலும் இதே சட்டம்தான்: பேட்டரி போர்டை ஒட்டியே இருக்கட்டும்.

★ 'ரெயின் ப்ரூஃப்' என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். மழையில் குளிக்கும் என்று அர்த்தமில்லை. காற்றோட்டத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மட்டுமே தண்ணீர் இறங்காது. நேரடியாகச் சாரல் அடிக்கும் இடத்துக்கு ஐ.பி.67 வாங்குங்கள். இதில் 6 என்றால் தூசி புகாது, 7 என்றால் சற்று நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும்.

★ 'நியான் போர்டு' என்று இப்போது மாட்டும் வளைந்த விளக்கில் நியான் ஒரு சொட்டும் கிடையாது. சிலிக்கோன் உறைக்குள் எல்.இ.டி. பட்டை, அவ்வளவுதான். நிஜ நியானை 1910-ல் பாரிஸில் காட்டியவர் ஜார்ஜ் க்ளோத். அந்த வாயு தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டுமே. நீலம் வேண்டுமென்றால் ஆர்கானும் பாதரசமும் சேர்க்கவேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வேறு. இன்று 12 வோல்ட்டில் வேலை முடிகிறது. அந்த 12 வோல்ட்தான் கடை போர்டுக்கு சோலார் என்கிற பேச்சையே சாத்தியமாக்கியது.

★ எல்.இ.டி. 50,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள். தினம் ஐந்து மணி என்றால் 27 வருடம்! கடை வாடகை ஒப்பந்தம் அத்தனை நாள் இருக்காது. அதோடு, இந்தக் கணக்கு வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரைக்கும்தான். வெயிலில் வேகும் போர்டுக்குள் எல்.இ.டி.க்கு முன்பே எஸ்.எம்.பி.எஸ். உயிரை விடும். சோலாரில் முதலில் போவது பேட்டரி. எதுவானாலும் கழற்றி மாற்றுகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் முழுவதையும் பிய்த்தால்தான் உள்ளே கை நுழையும் என்று செய்துவைக்கிறவர்கள் நிறையப் பேர்.

★ 2024-ல் கர்நாடகம் கன்னட மொழி வளர்ச்சிச் சட்டத்தைத் திருத்தியது. கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல்பாதியில். பிற மொழி மிச்ச இடத்தில். சந்தாபுராவில் அந்த வருடம் போர்டுக்காரர்களுக்குத் தூக்கமே இருந்திருக்காது. பழைய போர்டில் எழுத்தை மட்டும் மாற்றியவர்கள் கவனிக்க: எழுத்து பெரிதானால் மாட்யூல் கூடும், மாட்யூல் கூடினால் பழைய எஸ்.எம்.பி.எஸ். திணறும். சோலாராக இருந்தால் பேனல், பேட்டரி இரண்டையும் புதிதாகக் கணக்குப் போடவேண்டும். ஒயர்க்காரர் இங்கே ஒரு எஸ்.எம்.பி.எஸ். விலையோடு தப்பித்துவிடுவார்.

★ கடையின் சொந்தப் பெயர்ப்பலகை கடை மீட்டரிலேயே, எல்.டி.-3 என்கிற வணிகக் கட்டணத்தில் எரியும். விளம்பர ஹோர்டிங்குக்குத் தனி இணைப்பு கேட்டால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் அதை எல்.டி.-7 என்கிற வேறு பிரிவில் வைக்கும், கட்டணம் வேறு. கடையிலிருந்து தள்ளி, லே-அவுட் முனையில் 'இப்படித் திரும்பவும்' என்று ஒரு அம்புக்குறி நிறுத்த நினைத்தால் விஷயம் தலைகீழ். மீட்டர், பள்ளம், கேபிள், அனுமதி எல்லாம் ஒரு 10 வாட் அம்புக்குறிக்காக! இங்கேதான் சோலார் ஜெயிக்கிறது. 10 வாட்டுக்குப் பேனலும் சின்னது, பேட்டரியும் சின்னது, ரோடு வெட்டவும் வேண்டாம். ஆனால் கம்பம் நெடுஞ்சாலை நிலத்தில் நிற்குமானால் சோலாருக்கும் அனுமதி வேண்டும். 2002-ம் வருடத்து நெடுஞ்சாலை நிலச் சட்டம் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை, கம்பம் யார் நிலத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்கும்.

★ தள்ளுவண்டிக்காரருக்கும் இதே நியாயம்தான். மீட்டரே இல்லாத இடத்தில் சோலாருக்குப் போட்டியும் இல்லை. 1995-ல் தொடங்கிய பெங்களூரின் செல்கோ நிறுவனம் கரண்ட் எட்டாத வீடுகளையும் சிறு வியாபாரிகளையும் தேடிப்போனதற்குக் காரணம் அதுதான். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹந்தேவுக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது.

★ மொட்டைமாடியில் ஆன்-கிரிட் சோலார் போட்டுப் பகலில் பெஸ்காமுக்குக் கொடுத்து, ராத்திரி போர்டுக்குத் திரும்ப வாங்கலாம். பேட்டரியே வேண்டாம். போர்டுக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். பகல் முழுக்க ஃப்ரீஸர் ஓடும் கடைக்குத்தான் இது கட்டும். இன்னொன்று: கரண்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற லைன்மேனைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் மானியம் வீடுகளுக்குத்தான், கடைக்குக் கிடையாது.

★ நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாயும் ஊர், ஜூலையில் ஆறே முக்கால் தாண்டியும் வெளிச்சமாக இருக்கும். டைமர் வைத்தால் வருடத்தில் இரண்டு முறையாவது மாற்றவேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து எரியும் சென்சாருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதைப் பக்கத்துக் கடை போர்டின் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தால், ராத்திரியைப் பகல் என்று நினைத்து உங்கள் போர்டை அணைத்துவிடும்!

★ ஒயர் போர்டுக்குக் கட்டாயம் இரண்டு: எர்த், மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி-ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தகரச் சட்டத்தில் கரண்ட் இறங்கினால் மழையில் ஷட்டர் தூக்குகிறவர் கையில்தான் அடிக்கும். போர்டு நீட்டிக்கொண்டிருந்தால் தெருக் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஆனேக்கல் ரோட்டின் ஒடுக்கமான கட்டடங்களில் மாடி போர்டு மாட்டுகிறவர்கள் முதலில் இதை அளக்கட்டும். 12 வோல்ட் சோலார் கம்பத்தில் இந்த ஷாக் பயம் இல்லை. பேட்டரி திருட்டுப் பயம் மட்டும் உண்டு.

★ என்னைக் கேட்டால் சந்தாபுராவில் வரிசைக் கடை வைத்திருப்பவருக்கு ஒயர்தான். கரண்ட் கட் கவலை என்றால் கடை யு.பி.எஸ்.ஸிலேயே போர்டையும் சேர்த்துவிடலாம், 60 வாட் அதற்குச் சுமையே இல்லை. சந்துக்குள் இருக்கும் கிளினிக்குக்குச் சந்து முனையில் ஒரு போர்டு, லே-அவுட் முனை அம்புக்குறி, தோட்டத்து ஹோட்டலின் கேட், தள்ளுவண்டி இவற்றுக்கு சோலார். எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று எண்ணை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: விளக்கு மொத்தம் எத்தனை வாட், பேனல் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்பியர்-ஹவர். மூன்றையும் எழுதித் தர மறுக்கிறவரிடம் போர்டு போடாதீர்கள்.