அழகு மீன் காட்சியும் அதன் விதிகளும்

காட்சிக்கு வைக்கப்படும் பொருள் எதுவாயினும் அதனை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் இருத்தல் வேண்டும். நெல்லை வைத்தால் மணியின் திரட்சியை நோக்குவர். கறவைப் பசுவைக் கட்டினால் மடியை நோக்குவர். மருதமுனைக் கைத்தறிச் சேலையை விரித்தால் நெசவின் நெருக்கத்தையும் சாயத்தின் உறுதியையும் நோக்குவர். இவையெல்லாம் பயன்பற்றிய அளவுகள். ஆயின், உண்ணுதற்கன்றிக் கண்டு களித்தற்கென்றே கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் மீனை எதனைக் கொண்டு அளப்பது? கடலுக்கும் வயல்வெளிக்கும் இடையே வாழ்ந்து, மீனை நிறுத்து விலைபேசியே பழகிய கல்முனைக் கரையோரத்தார்க்கு இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் உலகின் பல பாகங்களில் இதுபற்றி நெடுங்காலமாக வாதம் நிகழ்ந்து வருகின்றது.

மீனை எங்கிருந்து பார்ப்பது என்பதே இவ்வாதத்தின் முதற்கூறு. தங்கமீன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சீன தேசத்துச் சுங் மன்னர் காலத்தில், வளர்ப்பு மீனாக நிலைபெற்றது. அக்காலத்தில் கண்ணாடித் தொட்டி இல்லை. குளத்திலும் மட்கலத்திலும் நீந்திய மீனை மேலிருந்தே கண்டனர். ஆகவே முதுகின் அகலமும் வாலின் விரிவும் அழகெனக் கொள்ளப்பட்டன. யப்பானியர் இம்மரபை இன்றும் பேணுகின்றனர். முதுகுத் துடுப்பற்ற ‘ரஞ்சு’ என்னும் தங்கமீனை அகன்ற கலத்தில் விட்டு நடுவர் மேலிருந்தே நோக்குவர். வண்ணக் கெண்டையாகிய ‘கோய்’ மீனுக்கும் அதுவே முறை. நீகாத்தா மலைப்புறத்து உழவர் வளர்த்த அம்மீன், 1914இல் தோக்கியோ நகரத்துப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பின்னரே நாடறிந்ததாயிற்று. மேனாட்டிலோ, 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கண்ணாடித் தொட்டிகளைக் கொண்ட மீன்மனை திறக்கப்பட்ட காலந்தொட்டுப் பக்கவாட்டில் நோக்கும் வழக்கம் வேரூன்றியது. அவ்வாறு நோக்குவோர்க்கு முதுகின் வளைவும் உடலின் உயரமுமே முதன்மையாகின்றன. மீனில் யாதொரு வேறுபாடும் இல்லாதிருக்கவே, ஒரு தேசத்தில் முதற்பரிசு பெற்றது மறு தேசத்தில் கடைநிலைப்படவும் கூடும்.

அழகைப் புள்ளியிட்டு அளத்தல் தகுமா என்பது அடுத்த வினா. பிரித்தானிய மீன்வளர்ப்புச் சங்கங்களிடையே வழங்கும் முறையில் பருமன், உடலமைப்பு, நிறம், துடுப்பு, உடல்நலமும் நீந்தும் ஒழுங்கும் என ஐந்து கூறுகள் உள. கூறு ஒன்றுக்கு 20 ஆக மொத்தம் 100 புள்ளிகள். அழகு பிரித்துக் கூட்டத்தக்க பொருளன்று என்பார் இதனை மறுப்பர். மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மாணவரின் கட்டுரைத் தாள்களைத் திருத்திப் பழகியோர் ஒன்றை அறிவர்: மொத்தப் புள்ளியை மட்டும் இட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் மாணவன் எதனையும் கற்பதில்லை, எவ்விடத்தில் குறைந்தது என்று காட்டினாலே கற்பான். மீனைக் கொண்டுவந்து தோற்றவனுக்கும் அஃதே. புள்ளித்தாளை அவன் கையிற் கொடாத காட்சி, பரிசு வழங்கும் விழாவேயன்றிப் பயிற்சி ஆகாது.

விதி மீனை அளப்பதோடு நில்லாது மீனை ஆக்கவும் செய்கின்றது என்பதே நாம் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி. தாய்லாந்துக்குரிய சண்டை மீனை எடுத்துக்கொள்வோம். 1910இல் ரீகன் என்னும் அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. இயற்கையில் இது குறுகிய துடுப்பும் மங்கிய நிறமும் உடைய சிறு மீன். 1966இல் தோன்றிய அனைத்துலகச் சண்டைமீன் சங்கம் காட்சி விதிகளை வகுத்தது. ‘அரைமதி’ என்னும் வகையின் வால் முழுதும் விரியுங்கால் 180 பாகை காட்டல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பரிசை நாடினோர் தலைமுறை தலைமுறையாக அகன்ற வாலையே தெரிந்தெடுத்து இனம்பெருக்கினர். விளைவு யாது? வாலின் சுமையால் விரைவில் களைக்கும் மீன்களும், தம் வாலைத் தாமே கடித்துக் குதறும் மீன்களும் பெருகின. 180 பாகை கேட்ட விதிக்கு 180 பாகை கிடைத்தது. நீந்தும் ஆற்றலுக்கு உரிய புள்ளியை அவ்விதி எவ்வளவு உயர்த்துமோ அவ்வளவுக்கு அதுவும் கிடைத்திருக்கும் என்பது எமது கருத்து.

செயற்கைத் திரிபுகளைப்பற்றி நெடிது வாதிடத் தேவையில்லை. இந்தியத் துணைக்கண்டத்துக் கண்ணாடி மீனின் ஒளி ஊடுருவும் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்றனர். கிளிமீன் என்னும் கலப்பினத்தின் வாலைக் குஞ்சுப் பருவத்திலேயே நறுக்கி இதய வடிவாக்கினர். இத்தகையவற்றைக் காட்சி மேடையில் ஏற்றலாகாது. பிறவியிலேயே துன்பம் தரும் உறுப்பமைப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் இனப்பெருக்கத்தையும் ஜேர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்து 11பி பிரிவு தடுக்கின்றது.

இனி எமது பகுதிக்கு வருவோம். கண்ணாடிப் போத்தலில் கப்பி மீன் வளர்க்காத சிறுவர் எமது ஊர்களில் அரியர். சில ஆண்டுகளின் முன் பாடசாலையொன்றின் விஞ்ஞானக் கண்காட்சியில் மாணவனொருவன், தான் மூன்று தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த நீலவால் கப்பிகளைக் குறிப்பேட்டுடன் வைத்திருந்தான். பரிசோ, முதல்நாள் கடையில் வாங்கிவந்த பெரியதொரு தங்கமீனுக்குப் போயிற்று. நடுவரைக் குறைகூறுதல் தகாது. ‘அழகிய மீன்’ என்பதன்றி அவர்முன் வேறு விதி இருக்கவில்லை. பணத்தை மதிப்பதா, வளர்த்த கையை மதிப்பதா என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். பிற நாடுகளில் ‘வளர்த்தோர் பிரிவு’ எனத் தனிப்பிரிவு உண்டு. ஒரே ஈற்றுக் குஞ்சுகளை ஒருசேரக் கொணர்ந்து அவற்றின் ஒப்புமையைக் காட்டல் வேண்டும். ஒரு மீனை விலைக்கு வாங்கலாம். ஒத்த ஆறு உடன்பிறப்புகளை வாங்குதல் அரிது. கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனுவது. பெண் மீன் ஒருமுறை கூடிய ஆணின் விந்தைச் சேமித்துப் பல ஈற்றுக்குப் பயன்படுத்துமாதலால், குஞ்சுகளைக் காலத்தே ஆண் பெண்ணாகப் பிரிக்காதவன் தன் மீனின் மரபை அறியான். இவ்வளவும் குறிப்பேட்டில் தெரியும். ஆகவே குறிப்பேட்டுக்கும் புள்ளி வழங்குதல் முறை.

நீரைப்பற்றிய விதி சிறிதெனத் தோன்றும். எமக்கு அது பெரிது. மணற்பாங்கான எமது கரையோரக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்மையுடையது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பல கிணறுகளை உவர்நீராக்கிச் சென்றதையும் நாம் மறந்திலம். கப்பியும் மொலியும் இத்தகைய நீரில் செழிப்பன. அவற்றை மலைநாட்டுக் காட்சியொன்றின் மென்னீரில் திடீரென விட்டால் துடுப்பை ஒடுக்கி மூலையில் நிற்கும். உடல்நலப் புள்ளி குறையும். ஆகவே போட்டியாளன் தன் நீரையே கொணர உரிமை பெறல் வேண்டும்.

உள்ளூர் மீனுக்குத் தனிப்பிரிவு வேண்டும் என்பாரும் உளர். ஆசை நல்லதே; ஆயின் ஆபத்தும் உண்டு. தெரணியகல 1929இல் விவரித்த, சிங்களப் பெயராகிய ‘தித்தெயா’ என்பதையே விஞ்ஞானப் பெயரிலும் தாங்கிய செந்நிறச் சிறுகெண்டை, வணிகத்துக்காக ஓடைகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டது. கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமட ஊரின் சிற்றோடை ஒன்றிலிருந்து 1991இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பந்துலக் கெண்டையோ அருகி அழியும் நிலையை எய்தியது. 1993இலும் 2009இலும் திருத்தப்பட்ட விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய மீன்கள் பலவற்றுக்குக் காப்பளிக்கின்றது. சட்டம் காக்கும் இனங்களை இப்பிரிவில் அறவே சேர்த்தலாகாது. ஏனையவற்றுள்ளும் தொட்டியில் பிறந்தவை மட்டுமே ஏற்கப்படல் வேண்டும். அன்றேல் பரிசே ஓடையை வெறுமையாக்கும் வலையாகிவிடும்.

காட்சி முடிந்தபின் மீன் எங்கே போகின்றது என்பதைப் பெரும்பாலான விதித்தொகுப்புகள் கேட்பதில்லை. அழகுக்கென இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட கத்தி மீனும், ‘டாங்க் கிளீனர்’ என வழங்கும் கவச மீனும் தொட்டியிலிருந்து தப்பி இன்று நீர்நிலைகளில் குடியேறியுள்ளன. எனவே போட்டிக்கு வந்த மீனையோ அதன் நீரையோ வாய்க்காலிலும் குளத்திலும் களப்பிலும் கொட்டுவதில்லை எனப் போட்டியாளர் நுழைவுத் தாளிலேயே கையொப்பமிடல் வேண்டும். வேண்டாத மீனை ஏற்று வளர்க்க விரும்பும் மாணவரின் பெயர்ப்பட்டியல் ஒன்று வாயிலிலேயே இருத்தலும் நன்று.