தேனிப் பிள்ளைகளும் தலைமன்னார்க் கடலும்

தேனியில் கடல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற மாவட்டம் அது. அங்கிருந்து வந்த ஜெய் ஜஸ்வந்த் என்ற சிறுவன், 2019 மார்ச் 28 அன்று, 10 வயதில், தலைமன்னாரில் கடலுக்குள் இறங்கினான். பத்தரை மணி நேரத்தில் தனுஷ்கோடிக் கரையில் ஏறினான். 2022இல் அதே தேனியின் இன்னொரு பிள்ளை, 14 வயது, அக்கரையிலிருந்து நீந்தித் தலைமன்னாரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனான். கிட்டத்தட்ட 20 மணி நேரம் தண்ணீரிலேயே.

மன்னாரில் பிள்ளை வளர்க்கிற எவருக்கும் இதைக் கேட்டதும் மனதில் ஒன்று குத்தும். வாசலிலேயே கடல் கிடக்க, எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் கைகூடவில்லை? தேத்தண்ணியை எடுங்கள், ஆறுதலாகப் பார்ப்போம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, அந்த நீச்சலில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நடுவில் இராமர் அணையின் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆழம் குறைவு, களைத்தால் நின்றுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆழக் குறைவுதான் தொல்லை. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளின் தண்ணீரும் திட்டுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள்ளால்தான் போய்வர வேண்டும். அந்த இடங்களில் நீரோட்டம் வேகமாக இழுக்கும். நேரே தனுஷ்கோடியைப் பார்த்து நீந்துகிறவன் அங்கே போய்ச் சேரமாட்டான். இழுவை எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் போக வேண்டும். கூட வருகிற படகோட்டிக்கு அந்த ஓட்டம் அத்துப்படியாக இருக்க வேண்டும். எங்கள் மீனவர்களின் அறிவு அங்கேதான் பொன்னாகிறது.

வெற்றிகரமான நீச்சல்களின் தேதிகளைப் பாருங்கள்: 1954 மார்ச், 1966 ஏப்ரல், 2019 மார்ச், 2022 மார்ச். வாடைக் காற்று அடங்கி, சோளகக் காற்று எழும்பாத அந்த இடைவெளியில்தான் கடல் ஓரளவு படுத்துக் கிடக்கும். அதிலும் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் இறங்குவார்கள். விடியற்காலையில் காற்று குறைவு, பிற்பகலில் கடற்காற்று கிளம்பி அலையை எழுப்பும். அதற்குள் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

ஆங்கிலக் கால்வாயில் குளிர்தான் எதிரி. இங்கே நீர் வெதுவெதுப்பு. வெயில் ஏறியபின் உடம்பு சூடாகித் தண்ணீரை இழக்கும். உப்பு நாக்கைத் தடிக்க வைக்கும், சொறிமீன் உடம்பில் பட்டால் எரியும். குறித்த இடைவெளிகளில் படகிலிருந்து பானம் கொடுப்பார்கள். நீந்துகிறவர் மிதந்தபடியே குடிக்க வேண்டும். படகில் கை பிடித்து இளைப்பாறினால் நீச்சல் அத்தோடு முடிந்தது. பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாலும் "போதும், ஏறு" என்று சொல்லத் துணிகிற பயிற்றுநர் அந்தப் படகில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பிள்ளையின் மன உறுதியைவிட இது முக்கியம்.

கடலுக்கு முன் காகிதத்தையும் கடக்க வேண்டும். இரண்டு நாட்டு அனுமதிகள், இரு பக்கமும் கடற்படை, கடலோரக் காவல் படைகளின் ஒழுங்கு. இந்தப் பகுதியின் கடல் எல்லை 1974இல் போடப்பட்டது. அதற்கு முன்னரே நீந்தியவர்கள் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு 27 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். இந்தியாவின் மிகிர் சென் 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடம் எடுத்தார்.

பிறகு ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறைக்காரர், சட்டம் படித்தவர். 1971இல் தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடியைத் தொட்டு, நீந்தியே தலைமன்னாருக்குத் திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு இரவு உறக்கமில்லாமல் அலைக்குள் கிடந்த மனிதர். 1979இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்று இன்னொரு சாதனை செய்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் பிரிந்தது. அவ்வளவு வலிமை கொண்டவரையும் கடல் எடுத்துக்கொண்டது என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதனையை மட்டும் சொல்வது அரைக் கதை.

2022 மார்ச் 20 அன்று மும்பையைச் சேர்ந்த ஜியா ராய், 13 வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினாள். தகப்பன் இந்தியக் கடற்படையில் வேலை செய்தவர். 2024இல் எங்கள் திருகோணமலையிலிருந்தும் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்கு நீந்தி வந்தான்.

இவர்களையெல்லாம் இணைப்பது எது? பதிலுக்கு ஒரு மலைக்குப் போய் வருவோம். இந்தியாவின் வடக்கே, இமாச்சலப் பிரதேசத்தில், மணாலிக்குப் பக்கத்தில் புருவா என்ற மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே பிறந்த அண்ணன் ஹிமான்ஷு தாக்கூர், தங்கை ஆஞ்சல் தாக்கூர். இருவரும் பனிச்சறுக்குப் பந்தயக்காரர்கள். அண்ணன் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் போட்டியிட்டார். தங்கை 2018 ஜனவரியில் துருக்கியில் வெண்கலம் வென்றார். பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் அது. பனி அந்த மலையில் எல்லார் வீட்டுக் கூரையிலும்தான் விழுகிறது. ஆனால் அவர்களுடைய தகப்பன் ரோஷன் தாக்கூர் தாமே பனிச்சறுக்குக்காரர், அந்த விளையாட்டின் சம்மேளனத்தில் பொறுப்பிலிருந்தவர். சறுக்கத் தெரிந்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

தேனியிலும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளிடம் கடல் இல்லாமல் இருக்கலாம். தினமும் நீந்தக் குளம் இருந்தது, சொல்லித்தர ஆள் இருந்தார். எங்கள் கரைப் பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது, அலையைத் தாண்டத் தெரியும், வள்ளத்திலிருந்து குதிக்கத் தெரியும். ஆனால் முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை அளந்து, மணிக்கணக்கில் ஒரே சீராகக் கை போடுவது வேறு வித்தை. அது தூரம் குறித்த, அலையில்லாத தண்ணீரில், ஒருவர் கரையில் நின்று திருத்தத் திருத்தத்தான் வரும். பிறகுதான் கடல்.

வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் இப்போது ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. தன் ஊர் மனிதனை அந்த ஊர் சரியாக நினைவுகூர்ந்தது. அவர் இறங்கியதும் ஏறியதும் தலைமன்னாரில் என்பதை நாங்களும் நினைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் நீச்சலுக்கு அலைகிறார்கள் என்றால், அதைக் கொடுப்பினை என்று எடுங்கள். தம்பி முந்தினால் அக்கா விடமாட்டாள். விடியற்காலையில் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொள்வார்கள். ஆனால் தனியே திறந்த கடலுக்கு விடாதீர்கள். பெரியவர் ஒருவர் வள்ளத்தில் கூட இருக்கட்டும். பள்ளிக்கூடத்தையும் பிரதேச சபையையும் கேளுங்கள்: ஒரு குளம், ஒரு பயிற்றுநர், வருடம் முழுக்க. முதல் முறை கேட்டுக் கிடைக்காவிட்டால், மற்றப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போய்க் கேளுங்கள்.