சிங்கப்பூர் – நியூயார்க்: தொலைவும் நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர். பூமியின் மேல் எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் இடைத்தொலைவு சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த உச்ச அளவில் முக்கால் பங்குக்கும் அதிகமான தொலைவை ஏ350-900 யூஎல்ஆர் விமானம் வழியில் எங்கும் இறங்காமல், பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று கூடவோ குறையவோ எடுத்துக்கொண்டு கடக்கிறது.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டியும், நியூயார்க் மேற்கு 74 பாகையை ஒட்டியும் உள்ளன. கூட்டினால் 178 பாகை; இரண்டும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே உலக உருண்டையில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது கிழக்கிலும் போகாது, மேற்கிலும் போகாது. நேர் வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிச் சென்று மறுபக்கம் இறங்கும். தட்டையான வரைபடத்தில் இது புலப்படாது.

ஆனால் விமானிகள் இந்தக் கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. அதன் வேகம் சில சமயம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 15,340 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி நேரம் ஆகும். பசிபிக் வழியாகச் சுற்றினால் தொலைவு 16,500 ஆகலாம்; ஆனால் சராசரியாக 100 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் பதினாறரை மணி நேரமே போதும். ஓடுதளத்தில் ஊர்வதும் ஏறி இறங்குவதும் இதற்கு மேல். திரும்பும்போதும் பல நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கு நோக்கியே வருகிறார்கள். அந்த நாள்களில் போய்வரும் பயணம் பூமியையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது!

உண்மையான சிக்கல் எரிபொருள்தான். இந்த விமானத்தின் கொள்ளளவு 1,65,000 லிட்டர், அதாவது சுமார் 130 டன். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடையான 280 டன்னில் இது ஏறக்குறைய பாதி. முதல் சில மணி நேரம் எரியும் எரிபொருளில் கணிசமான பங்கு, மீதி எரிபொருளைச் சுமக்கவே செலவாகிறது. எனவேதான் 300 பேருக்கு மேல் அமரக்கூடிய வகை விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. சாதாரண வகுப்பே கிடையாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தால் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கு இச்சேவையைத் தொடங்கி, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சினில் இயங்கும் ஏ350தான் 2018 அக்டோபரில் அதை மீட்டுத் தந்தது. கென்னடி நிலையத்துக்கான சேவை 2020 நவம்பரில் தொடங்கியது.

நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரை விடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியது. அதனால் நள்ளிரவை ஒட்டிச் சிங்கப்பூரில் ஏறுபவர், நியூயார்க்கில் விடியற்காலையில் இறங்குகிறார்.