பழம்தானே என்று...

சென்ற வருஷம் நமது வகுப்பில் ஒரு சிறுமி மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. டைபாய்டு ஜுரம் என்றார்கள். திரும்பி வந்த அன்று அவளுடைய சட்டை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது, அவ்வளவு இளைத்துவிட்டாள். நோய் எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல எவராலும் முடியாது. குடித்த தண்ணீரில் வந்திருக்கலாம். வேறு எதிலும் வந்திருக்கலாம். ஆனால் அவளுடைய தாயார் நம்மிடம் கண்கலங்கிக் கூறிய வார்த்தை இதுதான்: "ஸார், கடையில் எண்ணெய்ப் பலகாரம் ஒன்றும் வாங்கித் தின்னக் கூடாது என்று கண்டித்தே வளர்த்தோம். பழம்தானே என்று அன்னாசித் துண்டு வாங்க மட்டும் காசு கொடுத்தனுப்பினோம்."

பழம்தானே! இந்தச் சொல் நம் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. ஏனெனில், நம்முடைய வீடுகள் அனைத்திலும் புழங்கும் சொல் அது. பாலைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்கமாட்டோம். அரிசியை மூன்று முறை களைகிறோம். கீரையை ஆய்ந்து, அலசி, மறுபடியும் அலசுகிறோம். இத்தனைக்கும் இவை யாவும் அடுப்பில் வேகப் போகிறவை; நாம் தவறவிட்டதை நெருப்பு பார்த்துக்கொள்ளும். பழத்துக்கு அடுப்பு இல்லை. நம் கையையும் தண்ணீரையும் தவிர அதற்குக் காவல் வேறு கிடையாது. அப்படிப்பட்ட பழத்தைத்தான் புடவைத் தலைப்பில் ஒரு துடை துடைத்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இதை எழுதுகிற நாமும் குற்றமற்றவர் அல்ல. ஒரு ரயில் பிரயாணத்தில் நம் மகனுக்கு ஆப்பிளைக் கைக்குட்டையில் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கைக்குட்டை அன்று காலை முதல் என்னென்ன ஊழியம் செய்திருந்தது என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

அந்தச் சிறுமி திரும்பி வந்த வாரத்தில் வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். கால் கிலோ பன்னீர் திராட்சையை வாங்கி வந்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் நல்ல ஜலம் வார்த்து, அதில் பழத்தை இட்டு மெதுவாகத் தேய்த்தோம். முதல் தண்ணீர் மழைக்காலத்து வாய்க்கால் நிறமாக மாறியது. இரண்டாம் தண்ணீரில் மண்ணும், ஒரு சிலந்தி நூலும், செத்த எறும்பு ஒன்றும் கிடைத்தன. மூன்றாம் தண்ணீர்தான் தெளிந்தது. மாணவர்கள் கிண்ணத்தைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரப் பிரசங்கம் செய்யாத வேலையை அந்தக் கிண்ணம் செய்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திராட்சையின் மேல் மங்கலான வெண்படலம் ஒன்று இருக்கும். அது முழுவதும் மருந்து என்று அஞ்சுவோர் பலர். அப்படியன்று, பழம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஆனால் காம்போரத்தில் நீலம் கலந்த வெண்மையாகத் திட்டுத் திட்டாய்த் தெரிந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தாக இருக்கலாம். 1885-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டங்களில் பிரசித்தமான அக்கலவை இன்றும் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கப்படுகிறது. ஆகவே கொத்தை முழுசாக நீரில் முக்கி எடுத்தால் போதாது. பழங்களைச் சிறு சிறு கொத்தாகக் கத்தரித்து, காம்பின் இடுக்குகளில் நீர் பாயும்படி அலச வேண்டும்.

கழுவுவதற்கு முன் நம் கைகளைச் சோப்பினால் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பழத்துக்குச் சோப்பு ஆகாது. தோலின் நுண்ணிய துளைகள் சோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அது குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகும். குழாயிலிருந்து ஓடும் நீரும், விரல்களால் தேய்ப்பதுமே பிரதானம். கழுவியபின் சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் எஞ்சிய கிருமிகளும் குறையும். உங்கள் ஊர்த் தண்ணீர் சந்தேகத்துக்கு இடமானதாக இருந்தால், காய்ச்சி ஆறிய நீரால் கடைசியாக ஒரு முறை அலசுங்கள். அழுக்குத் தண்ணீரில் பழத்தைக் கழுவுவது நோயைப் பழத்துக்கு நாமே பூசுவதாகும். மேலும், வாங்கி வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவி அடுக்கி வைப்பதும் சரியன்று. ஈரம் பட்ட பழம் சீக்கிரம் அழுகும். தின்னப் போகும் வேளையில் கழுவுவதே முறை.

பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்காத தாய்மார் இல்லை. 2017-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையார் ஆப்பிளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு லிட்டர் நீருக்குப் பத்து கிராம் விகிதம் சமையல் சோடா கலந்து பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் ஊறவைத்தபோது, தோலின் மேலிருந்த இரண்டு மருந்துகளும் பெரும்பாலும் அகன்றன. ஆனால் தோலுக்குள் ஊடுருவிய பகுதியை எந்த நீராலும் எடுக்க முடியவில்லை. எனவே, கழுவினால் எல்லாம் போய்விடும் என்று எண்ண வேண்டாம்; கழுவியும் பயனில்லை என்று சோரவும் வேண்டாம்.

தோலை உரித்துத் தின்னும் பழத்தை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வந்த முலாம்பழங்களினால் 147 பேர் நோயுற்று, 33 பேர் மாண்டார்கள். முலாம்பழத்தின் தோலை யாரும் தின்பதில்லை. ஆனால் கத்தி தோலைக் கடந்துதானே சதைக்குள் போகிறது? தோலில் உள்ளதைத் தன்னோடு உள்ளே எடுத்துச் செல்கிறது. ஆகையால் தர்ப்பூசணியோ, பப்பாளியோ, மாதுளையோ, முதலில் கழுவி, பிறகு அறுக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்; அறுத்த துண்டுகளை அலசி, சாற்றையும் சத்தையும் சாக்கடைக்குத் தானம் செய்கிறோம். வெங்காயம் நறுக்கிய கத்தியும், மீன் கழுவிய பலகையும் பழத்துக்கு உதவா.

மாம்பழத்தைத் தண்ணீரில் ஊறப்போடும் பாட்டிமார்களின் வழக்கத்தை நாம் பரிகசிப்பதற்கில்லை. 'சூடு' போகும் என்று அவர்கள் சொல்வார்கள். சூட்டின் கதை எப்படியாயினும், காம்படியில் கசியும் பால் உதட்டிலும் கன்னத்திலும் பட்டால் புண்ணாக்கும் என்பது மெய். ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கத்தைச் சற்றே தாராளமாகச் சீவி எறிந்தால் குழந்தையின் வாய் தப்பும். ஆனால் பாட்டியின் தண்ணீருக்கும் அடங்காதது ஒன்று உண்டு: கார்பைடுக் கல். அதில் ஆர்ஸனிக், பாஸ்பரஸ் ஆகியவை சிறிதளவு கலந்திருக்கக் கூடும். அந்தக் கல்லால் பழுக்க வைத்த பழத்தை விற்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்; எதிலீன் வாயுவை அளவோடு உபயோகிக்க மட்டுமே அநுமதி உண்டு. இருந்தும் சந்தைகளில் பறிமுதல் நடந்தவண்ணமே இருக்கிறது. பருவத்துக்கு முன்பே வந்து குவியும் மாம்பழத்தைக் குழந்தை கேட்டு அழுதாலும் வாங்காமல் இருப்பதே தாய் தந்தையர் செய்யக்கூடிய காரியம்.

அணில் கடித்த கொய்யாதான் தித்திக்கும் என்று நாம் சிறுவயதில் போட்டியிட்டுத் தின்றிருக்கிறோம். இப்போது அதைச் சிபாரிசு செய்ய மனம் துணியவில்லை. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா நோய் தோன்றிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. பழந்தின்னி வௌவால்கள் அந்தக் கிருமிக்கு இருப்பிடம் ஆதலால், கடிபட்ட பழத்தைத் தொடவேண்டாம் என்று அப்போது ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கடித்தது அணிலா வௌவாலா என்று பல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால் ஆகாது.

சுத்தத்தைக் காட்டிலும் பயங்கரமான அபாயம் ஒன்று வெட்டும் விதத்தில் இருக்கிறது. முழுத் திராட்சை சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கப் பொருத்தமான உருவமும் வழுக்கலும் உடையது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு அதை நீளவாக்கில் நான்காகப் பிளந்துதான் கொடுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே நிற்கும், பயனில்லை. சப்போட்டா விதையின் நுனியில் கொக்கி போன்ற முள் இருக்கிறது, தொண்டையில் மாட்டிக்கொள்ளும். இலந்தைக் கொட்டையும் அப்படியே அஞ்சத்தக்கது. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்பதற்குக் குழந்தையை விடக் கூடாது. உட்கார்த்தி வைத்துக் கொடுங்கள்.

கடைசியாக, பள்ளிக்கூடத்து டப்பா. விடியற்காலையில் எழுந்து, சமையலுக்கிடையே ஆப்பிளை நறுக்கி, கறுக்காமலிருக்க எலுமிச்சம் பழம் பிழிந்து அனுப்பும் தாய்மாரின் சிரமத்தை நாம் அறிவோம். ஆனால் ஏழு மணிக்கு நறுக்கிய துண்டைக் குழந்தை திறப்பது பத்தரை மணிக்கு. நறுக்கிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது ஆரோக்கிய நிபுணர் விதி. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரமே கணக்கு. நம் ஊரில் அந்த டிகிரி எந்த மாதத்தில் குறைகிறது? ஆதலால் முழுப் பழத்தையே அனுப்புங்கள். வாழைப்பழமும் கமலா ஆரஞ்சும் இயற்கையே உறை போட்டுக் கொடுத்தவை. சிறு கொய்யாவைக் கழுவித் துடைத்து அப்படியே வைக்கலாம். வேலையும் மிச்சம்.

கொய்யா என்றதும் முகம் சுளிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கப்பலேறி வந்து மெழுகு பூசி நிற்கும் ஆப்பிளுக்கு உள்ள மரியாதை, கொல்லைப்புறத்துக் கொய்யாவுக்கு இல்லை. நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்தை அளந்து பட்டியலிடும் வேலை குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்து 1937-ல் ஐக்ராய்டு என்பவரால் நூலாக வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக்கூடமே பின்னர் ஹைதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இன்றைய கணக்குப்படி நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் 'ஸி' சுமார் 200 மில்லிகிராம். ஆரஞ்சில் சுமார் 50. ஆப்பிளிலோ ஐந்தைச் சுற்றி. விலையை வாசகர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறுமி இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். இடைவேளை மணி அடித்ததும் குழாயடிக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான். தன் கொய்யாவை வீட்டில் ஏற்கெனவே கழுவிக் கொடுத்திருந்தாலும் தானும் ஒரு முறை தேய்த்துக் கழுவுகிறாள். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் விடுவதில்லை. சில நாட்களில் பாதியைப் பிட்டு நம் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள்.